பைலட் ஆகணுமா? ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி மெடிக்கல்!

ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் ஒரு நடை போனால், எந்தெந்த நாட்டிலிருந்தோ ஃப்ளைட் பிடித்து வந்தவர்களைப் பார்க்கலாம். எல்லோரும் சென்னையிலோ பெங்களூரிலோ இறங்கி, மீதி தூரத்தை ரோட்டில் வந்தவர்கள்தான். திருவண்ணாமலையில் ஏர்போர்ட் இல்லை. அதனாலென்ன, ஃப்ளைட் ஓட்டும் ஆசை இந்த ஊர் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கும் வரத்தான் செய்யும். ஆனால் 'ஃபீஸ் எவ்வளவு?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கிறது. அது மூன்றாவது கேள்வியாக இருக்க வேண்டும்.

முதல் கேள்வி, உடம்பு. விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, அங்கீகரித்த டாக்டரிடம் முதலில் கிளாஸ் 2 மெடிக்கல் எடுக்கணும். அது ஓகே ஆனால் கிளாஸ் 1. கமர்ஷியல் லைசென்ஸுக்கு கிளாஸ் 1 கட்டாயம். கண்ணாடி போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், கண்ணாடியோடு பார்வை சரியாகத் தெரிந்தால் போதும். நிறங்களைப் பிரித்தறிவதில் கோளாறு இருந்தால்தான் சிக்கல். இது லட்சக்கணக்கில் கட்டிய பிறகு தெரிந்தால் வீட்டு நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, ப்ளஸ் டூவில் எடுத்த குரூப். சி.பி.எல். எனும் கமர்ஷியல் லைசென்ஸுக்கு பிசிக்ஸும் மேத்ஸும் பாஸ் செய்திருக்கணும். காமர்ஸ் படித்தவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் அந்த இரண்டு பேப்பரை மட்டும் எழுதி உள்ளே வருகிறார்கள். இந்த விதியைத் தளர்த்தப் போகிறார்கள் என்றொரு பேச்சு அடிபட்டது. பேச்சை நம்பி அட்மிஷன் போடாதீங்க, டிஜிசிஏ தளத்தில் இன்றைய விதியைப் பாருங்க.

இனி படிகள். ஸ்டூடன்ட் லைசென்ஸுக்கு வயது 16, பத்தாவது பாஸ். பிரைவேட் லைசென்ஸுக்கு வயது 17, 40 மணி நேரப் பறத்தல். இதை வைத்துச் சம்பளத்துக்கு ஓட்ட முடியாது. சம்பளம் வேணும்னா சி.பி.எல்.தான்: வயது 18, மொத்தம் 200 மணி நேரம், அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு பைலட். நேவிகேஷன், வானிலை, விதிமுறை மாதிரியான பேப்பர்களில் 70 மார்க் வேணும்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. அந்த 200 மணி நேரமும் விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 5 வருஷத்துக்குள் பறந்ததாக இருக்கணும். அதோடு, பொறுப்பு பைலட்டாக 15 மணி நேரம் கடைசி 6 மாதத்துக்குள் பறந்திருக்கணும். நடுவில் பணம் தீர்ந்து பயிற்சி நின்றுபோனால், லாக்புக்கில் இருக்கும் மணி நேரமும் பழசாகிக்கொண்டே போகும். மறுபடி பறக்க மறுபடி பணம். மொத்தச் செலவு அரைக்கோடியைத் தொடுகிற படிப்பு இது. கையில் பாதிப் பணத்தோடு 'பார்த்துக்கலாம்' என்று இறங்குவது ரிஸ்க்.

சி.பி.எல். வாங்கியதும் கேப்டன் ஆகிவிட முடியாது. எந்த ரக விமானம் ஓட்டப் போகிறீர்களோ, அதற்கான டைப் ரேட்டிங்குக்குத் தனிச்செலவு. அதன்பின் கோ-பைலட். கேப்டன் சீட்டுக்கு ஏ.டி.பி.எல். வேணும்: வயது 21, பறந்த நேரம் 1,500 மணி.

'அமெரிக்காவில் சீக்கிரம் முடிச்சிடலாம்' என்று சொல்பவர்களும் உண்டு. முடிக்கலாம்தான். ஆனால் அந்த லைசென்ஸை இங்கே மாற்ற டிஜிசிஏ பேப்பர்களை எழுதியே ஆகணும்.