வெள்ளை அடிக்கும் முன் கூரையைப் பாருங்க!

மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும்: ராத்திரி பத்து மணிக்கும் ஃபேன் அனலைத்தான் இறக்கும். கூரைக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது எளிய வழி. அகமதாபாத் 2017-லேயே தொடங்கியது. தெலங்கானா 2023-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது.

கான்கிரீட் மாடியா? கைப்பிடிச் சுவர் இருந்தால் நீங்களே அடிக்கலாம், வெயில் ஏறும் முன் முடிச்சிடுங்க. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் கதையே வேறு. பழைய ஷீட் ஆள் எடையைத் தாங்காது. கால் வைத்தால் உடைந்து உள்ளே விழ வேண்டியதுதான். பாசியை வயர் பிரஷ்ஷால் உலர்வாகத் தேய்த்தால் புற்றுநோய் உண்டாக்கும் நுண்ணிழைகள் பறக்கும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. துளை போட்டாலும் இதே ஆபத்துதான். உள்பக்கம் தெர்மோகோல் ஒட்டலாமே என்றும் தோன்றும். அது சட்டென்று தீப்பிடிக்கும். ஷீட் கூரையைப் பலகை, பாதுகாப்பு பெல்ட்டோடு வரும் ஆட்களிடம் விட்டுடுங்க.