மைனஸ் 20-ல் ஒரு ஹெலிகாப்டர்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஜனவரி வந்தால் ஏரிகள் மைதானங்களாகிவிடும். காரை ஓட்டிக்கொண்டே நடு ஏரி வரை போகலாம்; பனிக்கட்டி அவ்வளவு தடிப்பாக உறைந்திருக்கும். மரம் இல்லை, மின்கம்பி இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெட்டவெளி. ரேடியோ கன்ட்ரோல் விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் பறக்கவிடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் அமைவது கடினம். வெப்பமானி மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் காட்டும் காலையிலும் சிலர் வந்துவிடுகிறார்கள். அந்தக் குளிரில் ஹெலிகாப்டரை எழுப்பும்போது காற்று கைகொடுக்கிறது. பேட்டரி கைவிடப் பார்க்கிறது.

முதலில் காற்று. கடல்மட்ட அழுத்தத்தில் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.16 கிலோ. மைனஸ் 20-ல் அதே கன மீட்டருக்குள் 1.39 கிலோ காற்று இருக்கும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். ஹெலிகாப்டரின் பிளேடுகள் காற்றைக் கீழே தள்ளித்தான் மேலே நிற்கின்றன; தள்ளுவதற்கு அதிகப் பொருள் கிடைத்தால் பிடிமானமும் அதிகம். கோடையில் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றித் தாங்கிய எடையை, பிளேடின் சாய்வை மாற்றாமலே, இங்கே 1,830 சுற்றில் தாங்கிவிடலாம். கட்டுப்பாட்டுக் குச்சியை லேசாக நகர்த்தினாலும் எந்திரம் உடனே சொன்னபடி கேட்கிறது என்று குளிரில் பறக்கவிடுகிறவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி பேட்டரி. லித்தியம் பாலிமர் பேட்டரி மின்சாரம் தரும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் முனையிலிருந்து கிளம்பி, மின்பகு திரவத்தைக் கடந்து, எதிர்முனையின் உலோக ஆக்சைடுக்குள் போய் அமர்கின்றன. மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் தடிப்பதுபோல அந்தத் திரவமும் குளிரில் தடித்துப்போகிறது. அயனியின் நடை தளர்கிறது. மின்முனைக்குள் நுழைகிற கடைசி அடியும் மந்தமாகிறது. வெளியிலிருந்து அளந்தால் இரண்டும் சேர்ந்து பேட்டரியின் உள்தடை கூடிவிட்டதாகத் தெரியும்.

கூடினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு செல் கொண்ட 22.2 வோல்ட் பேட்டரி, மோட்டார் இழுப்பது 50 ஆம்பியர், உள்தடை 15 மில்லிஓம் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரிக்குள்ளேயே தொலைவது முக்கால் வோல்ட், கவலைப்பட ஒன்றுமில்லை. குளிரில் தடை நான்கு மடங்கானால் இழப்பு 3 வோல்ட். ஒவ்வொரு செல்லுக்கும் மிஞ்சுவது 3.2 வோல்ட்தான். அந்த நேரம் பார்த்து விமானி வேகமாக மேலே ஏற்றி 100 ஆம்பியர் கேட்டால் செல் ஒவ்வொன்றும் 2.7 வோல்ட்டுக்குச் சரியும். 3 வோல்ட்டுக்குக் கீழே போவது செல்லுக்கே கெடுதல். மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் பேட்டரி தீர்ந்துவிட்டதென்று எண்ணி மின்சாரத்தைக் குறைத்துவிடும். உண்மையில் பேட்டரிக்குள் சக்தி நிறையவே இருக்கிறது. வெளியே வரத்தான் வழியில்லை.

இதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம், நோய்க்குள்ளேயே மருந்தும் இருப்பதுதான். தொலைந்துபோன அந்த 3 வோல்ட் வீணாகப் போகவில்லை. 150 வாட் வெப்பமாக மாறிப் பேட்டரியை உள்ளிருந்தே சூடாக்குகிறது. சூடேற ஏறத் தடை குறைகிறது. அதனால்தான் அனுபவசாலிகள் எழுந்தவுடன் சாகசத்தில் இறங்காமல், முதல் ஒரு நிமிடம் எந்திரத்தை ஓரிடத்தில் நிதானமாக மிதக்கவிடுகிறார்கள். அதற்கு முன்பே பேட்டரிகளை மேலங்கியின் உள்பையிலோ, கார் மின்சாரத்தில் இயங்கும் சூட்டுப்பைகளிலோ வைத்து வெதுவெதுப்பாகக் கொண்டுவருகிறார்கள். பூச்சியம் டிகிரிக்குக் கீழே அவற்றைச் சார்ஜ் செய்யவே கூடாது. அயனிகள் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேற்பரப்பிலேயே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். அந்தப் படிவு ஊசிபோல வளர்ந்தால் பின்னொரு நாள் உள்ளுக்குள் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கலாம்.

எந்திரத்தின் மற்ற பாகங்களும் குளிரை உணர்கின்றன. நைலான் பற்சக்கரங்களுக்கு வளைந்துகொடுக்கும் தன்மையைத் தருவதில் அவை உறிஞ்சி வைத்திருக்கும் ஈரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வறண்ட பனிக்காலக் காற்று அதையும் உறிஞ்சிவிட, அவை எளிதில் நொறுங்குகின்றன. 70 சென்டிமீட்டர் நீள அலுமினிய வால்குழாய் 50 டிகிரி குளிர்ந்தால் சுமார் 0.8 மில்லிமீட்டர் சுருங்கும். அற்பமான அளவுதான். ஆனால் வால் ரோட்டாரைச் சுழற்றும் பல்பெல்ட்டின் இழைகள் அந்த அளவுக்குச் சுருங்காததால் பெல்ட் தளரலாம். அது பல் தாண்டத் தொடங்கினால் எந்திரம் தன்னைத்தானே சுற்றத் தொடங்கும். வறண்ட காற்றில் அதே பெல்ட் உரசி உரசி நிலைமின்சாரத்தைச் சேர்க்கும். அது ரிசீவர் பக்கம் தாவாமலிருக்க வால்குழாயையும் மோட்டாரையும் ஒரு கம்பியால் இணைத்துவைப்பார்கள். எந்திரத்தின் சுழற்சியை உணரும் கைரோவின் அளவும் வெப்பநிலையோடு நகரும். ஆகவே காரிலிருந்து எடுத்தவுடன் பறக்கவிடாமல், அதை வெளிக்குளிருக்குப் பழகவிட்ட பிறகே இயக்குகிறார்கள்.

விரல்களின் பாடு இன்னொரு பக்கம். இரண்டு கட்டைவிரல்களின் மில்லிமீட்டர் அசைவில்தான் எல்லாமே இருக்கிறது. தடித்த கையுறை போட்டால் அந்த நுட்பம் போய்விடும். போடாவிட்டால் விரல் மரத்துவிடும். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் சன்னல் வைத்துத் தைத்த ஒரு பைக்குள் டிரான்ஸ்மிட்டரையும் இரு கைகளையும் சேர்த்து நுழைத்துக்கொள்வது அவர்கள் கண்ட வழி.

குளிரைவிடக் கண்ணைக் குழப்புவது வெண்மை. புதுப்பனிமேல் இறங்கும்போது ரோட்டார் காற்று பொடிப்பனியைக் கிளப்பி எந்திரத்தையே மூடிவிடும். பனி கிளம்பாவிட்டாலும், மேகமூட்டத்தில் நிழலே விழாத வெள்ளைத் தரைக்கு மேலே எந்திரம் ஓரடி உயரத்தில் இருக்கிறதா ஐந்தடி உயரத்தில் இருக்கிறதா என்று கண்ணுக்குப் பிடிபடாது. பிடித்துக்கொள்ளத் தரையில் ஓர் அடையாளம் வேண்டும். அதற்காகவே பலர் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் இறக்குகிறார்கள்.

இதே சிக்கல்களில் சிலவற்றைப் பூமிக்கு வெளியே சந்தித்த ஒரு ஹெலிகாப்டர் உண்டு. 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாயின் ஜெசரோ பள்ளத்தில் இன்ஜெனுயிட்டி 3 மீட்டர் உயரம் எழுந்து 39 நொடிகள் பறந்தது. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தில் அதன் தலைமைப் பொறியாளராக இருந்த பாப் பலராம், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். எடை 1.8 கிலோ, ரோட்டார் அகலம் 1.2 மீட்டர், அளவில் ஏரிக்குக் கொண்டுவருகிற எந்திரங்களின் இனம்தான். ஆனால் அங்கே குளிர் மட்டும் இருக்கிறது, அது தரும் அடர்காற்று இல்லை. செவ்வாயின் காற்று நம்முடையதில் நூறில் ஒரு பங்களவே அடர்த்தி கொண்டது. ரேடியோ சமிக்ஞை போய்ச்சேர நிமிடங்கள் ஆவதால் கையால் ஓட்டவும் முடியாது. கீழ்நோக்கிய கேமராவில் தரையைப் பார்த்துத் தானே வழி கண்டது.

ஜெசரோவின் இரவு மைனஸ் 90 டிகிரி வரை இறங்கும். அதன் ஆறு லித்தியம் அயனி செல்களில் சேரும் சக்தியில் பெரும்பகுதி பறக்கச் செலவாகவில்லை. இரவில் தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளவே செலவானது. 2022 மே மாதம், குளிர்காலம் நெருங்கித் தூசியும் சூரியத் தகட்டுக்கு வரும் ஒளியைக் குறைத்தபோது, பேட்டரி ஓரிரவில் தீர்ந்து தொடர்பு அறுந்தது. தொடர்பு மீண்டதும் பொறியாளர்கள் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார்கள்: மைனஸ் 15 டிகிரியில் இயங்கத் தொடங்கிய ஹீட்டர், இனி மைனஸ் 40 ஆனால்தான் இயங்கும். உள்ளிருப்பவை எந்தக் குளிருக்காகப் பரிசோதிக்கப்பட்டனவோ அதைவிடக் கடுமையான குளிரைத் தாங்க வேண்டியிருந்தது. தாங்கின. சோதனைக்காக ஐந்து முறை பறக்க வேண்டிய அந்த எந்திரம் 72 முறை பறந்தது.

2024 ஜனவரி 18 அன்று நடந்த கடைசிப் பறப்பில் அதன் பிளேடுகள் உடைந்தன. குளிர் காரணமில்லை. அடையாளம் ஏதுமற்ற மணல் அலைகளுக்கு மேலே கேமராவுக்குப் பிடித்துக்கொள்ளப் போதிய புள்ளிகள் கிடைக்காமல், பக்கவாட்டு வேகத்தைக் கணிக்கத் தவறித் தரையில் மோதியது. மின்னசோட்டாவில் ஒரு பலகையைப் போட்டுத் தீர்த்துக்கொள்கிற அதே சிக்கல். மோதிய பிறகும் அதன் மின்னணுவும் பேட்டரியும் வேலை செய்தன. அதனால் நாள்தோறும் விழித்தெழுந்து சூரியத் தகடு, பேட்டரி, வெப்பநிலை ஆகியவற்றின் அளவுகளைத் தன் நினைவகத்தில் பதிந்துகொள்ளும்படி நிரல் மாற்றி அனுப்பினார்கள். அந்த நினைவகத்தில் சுமார் 20 ஆண்டுகளுக்கான தரவுக்கு இடமிருக்கிறது.