நெல் அறுத்த வயலில் உளுந்து: விற்பதற்கு முன் வீட்டுக்கு ஒரு மூட்டை

ஞாயிற்றுக்கிழமை காலையில் கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் கறிக்கடை முன்னால் கூட்டம் நிற்கும். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களும், சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் விவசாயிகளும் அதில் இருப்பார்கள். ஆட்டுக்கறி கிலோ 800 ரூபாயைத் தாண்டிவிட்டதால் அரை கிலோ வாங்கிப் போகிறவர்களே அதிகம். அதில் எலும்பு போக மிஞ்சுவதை ஐந்து பேர் பங்கு போட்டால் ஆளுக்கு நாலு துண்டு தேறும். திங்கள் முதல் சனி வரை அந்த வீட்டில் புரதச்சத்துக்கு வழி என்ன?

வழி வயலிலேயே இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் சம்பா நெல் அறுவடையானதும், கிணற்றில் போதிய தண்ணீர் இல்லாத நிலங்கள் சித்திரையில் சொர்ணவாரி தொடங்கும் வரை சும்மா கிடக்கின்றன. நெல்லுக்குப் பாய்ச்சிய ஈரம் மண்ணில் மிச்சம் இருக்கும். அந்த ஈரத்தையே கொண்டு 65 முதல் 75 நாளில் உளுந்தோ பச்சைப்பயறோ எடுத்துவிடலாம். தஞ்சை டெல்டாவில் இது பரம்பரை வழக்கம். இங்கேயோ நெல் விளைவிக்கும் குடும்பமே இட்லிக்கு உளுந்தைக் கடையில் வாங்குகிறது. அந்த உளுந்தும் பல சமயம் பர்மாவிலிருந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியதாக இருக்கும்.

கறியில் எவ்வளவு, பயறில் எவ்வளவு?

எந்த உணவில் எவ்வளவு சத்து என்ற கணக்கை நம் நாட்டில் முதலில் அட்டவணையாகப் போட்ட இடம் தமிழ்நாட்டில்தான் உள்ளது. நீலகிரியில் குன்னூர் உணவுச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் அய்க்ராய்டு தலைமையில் நம் உணவுப் பொருள்களைச் சோதித்து 1937-இல் அந்த அட்டவணையை வெளியிட்டார்கள். அந்தக் கூடம் பின்னர் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய உணவூட்ட நிறுவனம் ஆயிற்று. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதன் இயக்குநராக இருந்தபோது, 1971-இல் அட்டவணை விரிவாக வெளிவந்தது. 2017-இல் வந்த புதிய அட்டவணையில் எண்கள் சற்று மாறினாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதன்படி 100 கிராம் ஆட்டுக்கறியில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. உளுந்து, பச்சைப்பயறு, காராமணி ஆகியவற்றில் 23, 24 கிராம். துவரையிலும் கொள்ளிலும் 22 கிராம் வரை. வேர்க்கடலையில் 24, 25 கிராம். முட்டையில் 13 கிராம். அரிசியில் 7 கிராம்தான். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. கறியை ஈரத்தோடு நிறுத்த கணக்கு அது. பயறு காய்ந்த தானியம். வெந்தபின் தண்ணீர் ஏறிப் பயறின் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். ஆகவே ஒரு கரண்டி பருப்பு ஒரு கரண்டி கறிக்குச் சமம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் ஒரு கிலோ பயறும் ஒரு கிலோ கறியும் வாங்கக் கொடுக்கும் பணத்தை ஒப்பிட்டால் சந்தேகமே எழாது.

பயறுப் புரதம் தரத்தில் மட்டம் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதிதான் உண்மை. உடலுக்கு வேண்டிய லைசின் என்ற பகுதி அரிசியில் குறைவு, பயறில் அதிகம். மெத்தியோனின் என்பது பயறில் குறைவு, அரிசியில் போதிய அளவு உண்டு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது ஈடு செய்யும். இட்லியும், பொங்கலும், பருப்புச் சோறும் அந்த வேலையைத்தான் செய்கின்றன.

1960-களின் கடைசியில் உலகம் முழுவதும் புரதப் பஞ்சம் வரப்போகிறது என்று பயம் காட்டப்பட்டது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் அதற்கு முன்பே வேர்க்கடலைப் பிண்ணாக்கு மாவு மூன்று பங்கும் கடலைமாவு ஒரு பங்குமாகச் சேர்த்துப் பல்நோக்கு உணவு என்று ஒரு மாவைத் தயாரித்திருந்தது. டாக்டர் கோபாலனின் எண்ணம் வேறாக இருந்தது. ஏழைக் குழந்தைக்குத் தனியாகப் புரத மாவு தேட வேண்டியதில்லை, வழக்கமான தானியமும் பயறும் கலந்த சாப்பாட்டையே வயிறு நிறையக் கொடுத்தால் புரதக் குறையும் பெரும்பாலும் தீரும் என்று அவர் எடுத்துக் காட்டினார். பிரச்னை அந்தப் பயறு தட்டில் குறைந்து போனதுதான். 1951-இல் நம் நாட்டில் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 கிராம் பயறு கிடைத்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் அது 32 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. நெல்லும் கோதுமையும் ஏறிய அதே காலத்தில்தான் இது நடந்தது. பிறகு ஓரளவு ஏறியிருக்கிறது.

ஒரு வீட்டுக் கணக்கு

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும் இன்னும் கூடுதலாகத் தேவை. வயல் வேலை செய்பவர் ஒரு நாளில் 400 கிராம் அரிசி சாப்பிட்டால் அதிலிருந்து 27 கிராம் வந்துவிடும். 60 கிராம் பயறு சேர்ந்தால் 14 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். ஒரு டம்ளர் பாலோ தயிரோ இருந்தால் இன்னும் 6 கிராம். கூட்டினால் 54 ஆகிறது. பயறை எடுத்துவிட்டால் 40-இல் நின்றுவிடும்.

தலைக்கு 60 கிராம் என்றால் நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 240 கிராம், வருஷத்துக்குச் சுமார் 88 கிலோ. நெல் தரிசு உளுந்தை நன்றாகக் கவனித்தால் ஏக்கருக்கு 200 முதல் 300 கிலோ கிடைக்கும். ஒரு ஏக்கர் விதைத்தவர் வீட்டுக்கு ஒரு மூட்டை நிறுத்திக்கொண்டு மீதியை விற்கலாம். 2025-26 பருவத்துக்கு உளுந்துக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாயும், பச்சைப்பயறுக்கு 8,768 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. விலை நன்றாக இருக்கிறது என்று களத்திலிருந்தே முழுவதையும் வியாபாரியின் வண்டியில் ஏற்றிவிட்டு, அடுத்த மாதம் உடைத்த உளுந்தைக் கூடுதல் விலைக்கு வாங்கும் வீடுகள்தான் அதிகம். இது எந்தக் கணக்கிலும் லாபம் ஆகாது.

தொழிற்பேட்டையில் வேலைக்கு வந்திருக்கும் பீகார், ஒடிசா மாநிலத்தவரிடம் கற்க வேண்டிய ஒன்று உண்டு. கறி வாங்க முடியாத நாட்களில் அவர்கள் பருப்பை விடுவதில்லை. பீகாரிகள் வறுத்த கொண்டைக்கடலையை அரைத்து வைத்துக்கொண்டு, தண்ணீரில் கலக்கி, உப்பும் வெங்காயமும் பச்சைமிளகாயும் எலுமிச்சையும் சேர்த்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அதற்குப் பெயரே ‘சத்து’தான்! நம் பொட்டுக்கடலை மாவு அதற்கு நெருங்கிய உறவு. நாம் அதைச் சட்னியோடு நிறுத்திவிட்டோம். இவர்கள் தங்கும் விடுதிகளும் மெஸ்களும் பருப்புக்கு நிரந்தர வாடிக்கை. நாலைந்து விவசாயிகள் சேர்ந்து சிறு பருப்பு உடைக்கும் இயந்திரம் வைத்தால், முழு உளுந்தாக விற்பதைவிடக் கூடுதல் காசு கிடைக்கும்.

கறிக்குப் பதில் என்று கடையில் விற்கும் மீல்மேக்கர், எண்ணெய் எடுத்த சோயா மாவிலிருந்து செய்வது. எடையில் பாதி புரதம், விலையும் கட்டுப்படியாகும், வாங்குவதில் தவறில்லை. சோயாவை மட்டும் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடக்கூடாது. புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் உள்ளது, நன்றாக வேகவைத்தால்தான் அது போகும். காளானைப் பற்றிச் சற்று மிகையாகவே பேசப்படுகிறது. வைக்கோல் உள்ள வீட்டுக்கு அது நல்ல உபதொழில். ஆனால் பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 100 கிராம் காளானில் புரதம் 3 கிராம் அளவுதான். அதை விற்று அந்தக் காசில் பருப்பு வாங்குவது புத்திசாலித்தனம்.

பயறு எல்லாவற்றையும் தந்துவிடாது. பி12 என்ற வைட்டமின் பயறிலும் கீரையிலும் இல்லை; பால், தயிர், முட்டை, மீன் இவற்றிலிருந்துதான் வர வேண்டும். கறியை அறவே விட்டவர்கள் பாலையும் தயிரையும் விடக்கூடாது. பயறில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்வது நல்லது. பயறை முளைகட்டினாலும் பலன் உண்டு.

விதைக்கும் முறை

சம்பா அறுவடைக்கு 5 முதல் 10 நாள் முன்பு, வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே விதையைத் தூவ வேண்டும். தை மாதம் இதற்கு ஏற்றது. ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை பிடிக்கும். காலில் சேறு ஒட்டினால் ஈரம் அதிகம், விதை அழுகும். வெடிப்பு விட்டுவிட்டால் நேரம் போய்விட்டது, முளைப்பு பாதியாகும். இந்தப் பதத்தைப் பிடிப்பதில்தான் மகசூலே இருக்கிறது.

விதைக்கு முதலில் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடியைக் கலந்து வைத்து, மறுநாள் ரைசோபியம் 200 கிராம் பாக்கெட் ஒன்றை ஆறிய வடிகஞ்சியில் கலக்கி விதை மேல் பூசி நிழலில் உலர்த்த வேண்டும். இந்த நுண்ணுயிர் வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்ப்பதால் அடுத்து வரும் சொர்ணவாரி நெல்லுக்கும் அனுகூலம் உண்டு.

ஆடுதுறை 3 நெல் தரிசுக்கென்றே வந்த பழைய இரகம். ஆனால் மஞ்சள் தேமல் நோய்க்கு எளிதில் ஆளாகும். புதுக்கோட்டை மாவட்டம் வம்பன் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையத்தின் வம்பன் 8 அந்த நோயைத் தாங்கும். ஆடுதுறை 6 நெல் தரிசுக்கு ஏற்றது. எது உங்கள் மண்ணுக்குப் பொருந்தும் என்பதைத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு முடிவு செய்யலாம். தேமலைப் பரப்புவது வெள்ளை ஈ. முதல் மாதத்தில் மஞ்சள் விழுந்த செடியைக் கண்டால் தயங்காமல் பிடுங்கிவிட வேண்டும்.

நெல் தரிசில் அடியுரம் போட வழியில்லை. இலை வழியாகத்தான் கொடுக்க வேண்டும். 4 கிலோ டி.ஏ.பி.யை முந்தைய நாள் 20 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து, 200 லிட்டராக்கி மாலையில் தெளிக்கவும். பூக்கத் தொடங்கும்போது ஒரு முறை, 15 நாள் கழித்து மறுமுறை. இதற்குப் பதில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டரை ஏக்கருக்கு 2 கிலோ வீதம் பூக்கும் தருணத்தில் தெளிக்கலாம். இந்த இரண்டு தெளிப்பையும் தவறவிட்டவர்கள்தான் உளுந்து காய்க்கவில்லை என்று சொல்வது.

இடைஞ்சல்கள்

முதல் இடைஞ்சல் அறுவடை இயந்திரம். முளைத்து வந்த செடி மேல் சக்கரம் ஏறினால் அந்தத் தடம் முழுவதும் போயிற்று. எனவே இயந்திரம் வரும் நாளை முன்கூட்டியே உறுதி செய்துகொண்டு, அதற்குச் சற்று முன்பு விதையைத் தூவுகிறார்கள்.

இரண்டாவது மாடு. இது இயந்திரத்தைவிடப் பெரிய தொல்லை. நெல் அறுத்ததும் ஊர் மாடுகளை வயலில் அவிழ்த்துவிடுவது வழக்கம். சுற்றிலும் தரிசு கிடக்க ஒருவர் மட்டும் உளுந்து போட்டால் அது மாட்டுக்குப் போட்டதாகத்தான் ஆகும். ஒரு மதகுப் பாசனத்தில் உள்ளவர்கள் பத்துப் பேராவது பேசி ஒரே வாரத்தில் விதைத்தால், காவலும் பங்காகும், மாடும் அந்தப் பக்கம் வராது. இதற்கு மருந்தோ மானியமோ கிடையாது. ஊரில் உட்கார்ந்து பேச வேண்டியதுதான்.

மூன்றாவது ஆள். பறிக்கும் பருவத்தில் கூலியாட்கள் தொழிற்சாலை வேலைக்குப் போய்விடுகிறார்கள். பச்சைப்பயறு இரண்டு மூன்று தடவை பறிக்க வேண்டியது. கோ 8 போன்ற ஒரே சமயத்தில் முற்றும் இரகமாக இருந்தால் தொல்லை குறைவு. உளுந்தைச் செடியோடு அறுத்துக் களத்தில் காயவைத்து அடித்துக்கொள்ளலாம். ஷிப்ட் முடிந்து வரும் மகனும் ஒரு கை கொடுத்தால் ஒரு ஏக்கர் இரண்டு நாள் வேலை.

கிணற்றில் நல்ல தண்ணீர் உள்ளவர்கள் நவரை நெல்லை விடமாட்டார்கள். விடச் சொல்லவும் முடியாது. ஆனால் மீஞ்சூர் பக்கம் 1960-களிலிருந்து சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் நிலத்தடி நீரை இறைத்து இறைத்துக் கடல் நீர் உள்ளே ஏறிவிட்டது. அங்கே உப்பு நீரை இறைத்து நவரையைக் காப்பாற்றப் பார்ப்பதைவிட, இறைக்கவே தேவையில்லாத பயிர் மேல். உளுந்துக்கும் உப்பு ஆகாது என்பதை மறக்காமல், உவர் ஏறாத வயலில் மட்டும் போட வேண்டும்.

அரை ஏக்கர்கூட ஒதுக்க முடியாதவர்கள் வரப்பையும் கொல்லையையும் பார்க்கலாம். பவானிசாகர் 1 துவரை சில ஆண்டுகள் நின்று காய்க்கும். பச்சைக் காயாகவே குழம்புக்குப் பறிக்கலாம். பத்துச் செடி இருந்தால் வீட்டுக்கு உதவும்.

வீட்டுக்கு வைத்த மூட்டையைக் கெடுப்பது பயறு வண்டு. கடித்தால் ‘டக்’கென்று உடையும் வரை நன்றாகக் காயவைத்து, சூடு ஆறியபின் கட்ட வேண்டும். கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் தடவினால் வண்டு முட்டையிடுவது குறையும். உடைத்த பருப்பில் வண்டு அவ்வளவாக ஏறாது என்பதால், மூன்று மாதத் தேவைக்கு மேல் உள்ளதை உடைத்து வைத்துக்கொள்வது உத்தமம். வேர்க்கடலையில் பூஞ்சை பிடித்த, சுருங்கிய பருப்பைக் கண்டால் மாட்டுக்குக்கூடப் போடாமல் எறிந்துவிடுங்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு பால் வழியாக மனிதருக்கும் வரும். விதை உளுந்தை மட்டும் தனியாகக் கட்டி, தேதி எழுதி, உயரத்தில் வைக்கவும். சமையலுக்கு என்று கை வைக்கும் முதல் பை அதுவாகத்தான் இருக்கும்.