எழுத்தில் நின்ற எல்லையும் கட்டத்தில் விழும் நிலமும்

கூடலூரிலிருந்து நிலம்பூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சுரம் இறங்கத் தொடங்கும் தறுவாயில் அமைந்திருப்பது நாடுகாணி. மலைமேல் நின்று கீழ்நாட்டைக் காணுமிடம் என்பதை ஊர்ப்பெயரே உணர்த்தி விடுகின்றது. கண்ட நாட்டைச் சொல்லில் எழுதி வைப்பது ஒரு கலை. எழுதியதிலிருந்து மீண்டும் நாட்டைப் படமாக எழுப்புவது மற்றொரு கலை. பின்னதைக் குறித்தே ஈண்டுச் சில கூற விழைகின்றோம். கணிப்பொறித் துறையினர் பேச வேண்டியதில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை என்று வினவுவோர் உளர். நிலத்தின் எல்லை, படமாவதற்கு நெடுங்காலம் முன்பே வாக்கியமாக இருந்தது என்பதே நம் விடை.

தொல்காப்பியச் சிறப்புப் பாயிரம் தமிழ்நாட்டிற்கு வேங்கடத்தையும் குமரியையும் எல்லையாகக் கூறுகின்றது. கிழக்கும் மேற்கும் கடல் என்பதைக் கற்போரே கொள்ள வேண்டும். இதனை அவ்வாறே கணிப்பொறிக்குக் கொடுத்தால் உருவம் மூடவில்லை என்று அது மறுத்துவிடும்! சோழர் செப்பேடுகள் இவ்வகையில் மிகக் கறாரானவை. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை வழங்கியதைக் கூறும் லெய்டன் செப்பேட்டில், பெண்யானையை நடத்தி எல்லை வகுத்த செய்தியும், வாய்க்காலும் வயலுமாக எல்லை திரும்பும் இடங்களும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டுள்ளன.

எழுத்தைப் படத்தினும் நம்பியோர் வேறு நாடுகளிலும் இருந்தனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி ஏறத்தாழ எண்ணாயிரம் இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைப் பட்டியலாகத் தந்தார். படத்தைப் பார்த்துப் படம் எழுதினால் பிழை பெருகும். எண்களைப் படியெடுத்தால் எவரும் எங்கும் அப்படத்தை மீண்டும் வரையலாம் என்பது அவர் கருத்து. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி 'கிதாபு ஸூரத்தில் அர்ள்' என்னும் நூலில் ஊர், மலை, ஆறு, கடற்கரை என 2,402 இடங்களை இவ்வாறே அடுக்கினார். இவர் பெயரின் திரிபே இன்று 'அல்காரிதம்' என வழங்குகின்றது. அந்நூலின் உலகப்படம் கிடைக்கவில்லை. ஆயினும் எஞ்சிய பட்டியலைக் கொண்டு பிற்கால அறிஞர் அதனை மீட்டு வரைந்தனர்.

இனி நாடுகாணிக்குத் திரும்புவோம். இப்பகுதியில் உறவினர் இல்லம் ஒன்றில் பழைய ஆவணம் ஒன்றைக் கண்டோம். கிழக்கே நீரோடை, மேற்கே ஒற்றையடிப் பாதை, வடக்கே பாறை, தெற்கே பலாமரம் என்று நான்கெல்லை குறிக்கப்பட்டிருந்தது. பாறை மட்டும் அசையாமல் இருக்கின்றது. ஓடை விலகிவிட்டது, பாதை தார்ச்சாலையாயிற்று, பலாமரம் வீட்டுக் கதவாகிவிட்டது என்றார் பெரியவர்.

சொல்லெல்லையால் விளைந்த சிக்கல் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. கூடலூர்ப் பகுதியின் நிலங்கள் நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜன்ம நிலங்களாக இருந்தவை. அவற்றை ரயத்துவாரியாக மாற்ற 1969-இல் தமிழக அரசு சட்டம் இயற்றியது. காடுகளைப் பற்றிய பகுதியை 1972-இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 1974-இல் சட்டம் முழுமையாக அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதனை ஒட்டி எழுந்த வழக்கில் 2007-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் ஆகிய தொல்குடியினரும், மலையாள நாட்டிலிருந்து ஏறிவந்தோரும், 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து திரும்பியோரும் வாழும் மண் இது. எது காடு, எது தோட்டம், எது குடியிருப்பு என்னும் கேள்விக்கு விடை ஒரு வரைபடத்தில் விழும்போது, அது எவ்வாறு விழுகின்றது என அறிவது நம் பிள்ளைகளுக்கு இன்றியமையாதது.

கணிப்பொறியில் நிலத்தை எழுதுவதும் வாக்கியம் போன்றதே. எல்லை திரும்பும் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு எண்கள். இறுதி முனை முதல் முனையோடு பொருந்த வேண்டும். இதற்கென ஏற்பட்ட எழுத்து வடிவங்களுள் ஜியோஜேசன் என்பது பெரிதும் வழங்குவது. அதில் தீர்க்கரேகை முதலிலும் அட்சரேகை பின்னும் வரவேண்டும். எம் மாணவர் ஒருவர் முறை மாற்றி எழுத, கூடலூர் வடதுருவத்தை நெருங்கி ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே கடலில் மூழ்கிற்று. அனைவரும் சிரித்தோம். சிரிப்புக்கு இடந்தராத பிழை வேறொன்று உண்டு. கூடலூர் ஏறத்தாழ 11 பாகை 30 கலை வடக்கு, 76 பாகை 30 கலை கிழக்கு. பாகைக்கு அறுபது கலை ஆதலின் பதின்மத்தில் இவை 11.5, 76.5 ஆகும். அவசரத்தில் 11.30, 76.30 என்று எழுதினாலோ, ஊர் தெற்கிலும் மேற்கிலும் இருபது கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்து, நாடுகாணிச் சுரம் இறங்கி, நிலம்பூர்ப் பக்கம் போய் அமர்ந்துவிடும். கடலில் விழுந்தால் எவரும் கண்டுபிடிப்பர். பக்கத்து நாட்டில் விழுந்தால் யார் ஐயுறுவார்?

எண்கள் சரியாயினும் பணி முடியவில்லை. நிலத்தின்மேல் சதுரக் கட்டங்களைப் பரப்பி, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு மதிப்புத் தருவதே ராஸ்டர் வரைபடம். கட்டத்தின் மையம் எல்லைக்குள் இருந்தால் அக்கட்டம் முழுதும் அந்நிலத்திற்கு உரியது. இல்லையேல் முழுதும் பிறர்க்கு உரியது. பாதிக் கட்டம் என்பது இல்லை. காட்டின் பரப்பு, மழை, மலையின் உயரம் ஆகியவற்றிற்கு இம்முறை மிகப் பொருத்தமானது. வீட்டு மனைக்கோ?

லேண்ட்சாட் செயற்கைக்கோளின் கட்டம் 30 மீட்டர் பக்கம் உடையது. பரப்பு 900 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 22 சென்ட். ஐந்து சென்ட் மனையோ 202 சதுர மீட்டரே. அதனுள் ஒரு கட்டத்தின் மையம் விழும் வாய்ப்பு நூற்றுக்கு இருபத்திரண்டு. ஐந்து வீடுகளில் ஏறக்குறைய நான்கு படத்தில் தோன்றா. சூழவுள்ள காடோ தேயிலையோ அவற்றை விழுங்கிவிடும். தொட்ட கட்டங்களையெல்லாம் சேர்க்கலாம் எனும் மாற்றுவிதியும் உண்டு. அப்போது ஐந்து சென்ட்காரர் குறைந்தது இருபத்திரண்டு சென்ட்டுக்கு உடையவராகக் காட்சியளிப்பார்! கட்டத்தைப் பத்து மீட்டராகச் சுருக்கினால் சதுரமான ஐந்து சென்ட் மனையை எப்பக்கம் திருப்பிப் போட்டாலும் ஒரு மையமேனும் அகப்படும். மனை மறையாது, ஆயின் பரப்பு இரண்டரை சென்ட் முதல் பன்னிரண்டு சென்ட்டுக்குச் சற்று மேல் வரை மாறித் தோன்றும். ஆதலின் உரிமையைக் கட்டத்தால் அளத்தல் தகாது.

நம் நிலஅளவைத் துறையின் புலப்படங்கள் இதை நன்கு உணர்ந்து எழுதப்பட்டவை. 66 அடிச் சங்கிலியை நூறு லிங்காகப் பகுத்து, அடிக்கோட்டிலிருந்து ஒவ்வொரு முனைக்கும் உள்ள செங்குத்துத் தொலைவை ஏணிப்படி போல் எண்களாகக் குறித்தனர். தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய கொலாப்லேண்ட் மென்பொருள் அவ்வெண்களையே உள்வாங்கிப் புலப்படத்தை வரைகின்றது. ஒருவர் தம் மனையின் நிலையை அறிய விரும்பின், வண்ணப் படத்தை விட்டு இவ்வெண்களையே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

மேற்கூறிய பெரியவரின் நிலத்தை மாணவர்கள் இருவகைக் கட்டங்களிலும் வரைந்து அவரிடம் காட்டினர். முப்பது மீட்டர்ப் படத்தில் அது இல்லை. பத்து மீட்டர்ப் படத்தில் மூன்று கட்டங்களாக இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "பாறை எங்கே தம்பி?" என்றார். பாறையின் அளவுகளை யாரும் எடுத்திருக்கவில்லை. மறுவாரம் அளவு நாடாவுடன் மீண்டும் நாடுகாணிக்குச் சென்றோம்.