காய்ச்சல் விட்டதும் நிம்மதியா?

2017-ம் வருடத் தீபாவளிக்கு எங்கள் குடும்பம் இருந்தது ஆஸ்பத்திரி வார்டில். முறுக்கு மாவு பிசையும்போதெல்லாம் இன்றும் அந்த நாள்தான் ஞாபகத்துக்கு வரும். மற்ற தாய்மார்களுக்கு உதவுமே என்று இதை எழுதுகிறேன்.

என் மகன் அப்போது நான்காம் வகுப்பு. தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பள்ளியிலிருந்து வரும்போதே உடம்பு அனலாய்க் கொதித்தது. தெர்மாமீட்டரில் 103 டிகிரி. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது, முதுகு வலிக்கிறது என்று அழுதான். எங்கே பார்த்தாலும் டெங்கு பேச்சாக இருந்த நேரம். மறுநாளே தெருமுனை டாக்டரிடம் காட்டினோம். பாரசிட்டமால் மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, "கஞ்சி, இளநீர்னு நீராகாரம் நிறைய கொடுங்க. செவ்வாய்க்கிழமை காய்ச்சல் இருந்தாலும் இல்லாட்டியும் ரத்தம் பார்க்கணும், கூட்டிட்டு வாங்க" என்றார்.

செவ்வாய் விடியற்காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. "அப்பாடா, விட்டுடுச்சு! பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சிடு" என்றார் மாமியார். மறுநாள் பண்டிகை. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி. காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, பிள்ளைக்கு எதற்கு வீணாக ஊசி குத்த வேண்டும் என்று ரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிட்டேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

மத்தியானம் வரை அவன் படுத்தே கிடந்தான். "முறுக்கு வேணுமாடா?" என்றால் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். வயிறு வலிக்குது என்றான். மூன்று தடவை வாந்தி எடுத்தான். இத்தனை நாள் காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு அசதி இருக்காதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் பலகாரத் தட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா கிராம சுகாதார நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவர். "பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டவரிடம் விவரத்தைச் சொன்னதும், தட்டைக்கூட வாங்காமல் என்னோடு வந்துவிட்டார். வந்தவர் நெற்றியைத் தொடவில்லை, பாதத்தைத் தொட்டார். "ஏம்மா, கால் சில்லுன்னு கிடக்கே! கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?" என்றார். யோசித்தேன். காலையில் எழுந்ததும் போனதுதான். "அடுப்பை அணைச்சுட்டு ஆட்டோவைக் கூப்பிடு" என்றார்.

ஆஸ்பத்திரியில் உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டரம்மா சொன்னது இன்னும் என் காதில் கேட்கிறது: "டெங்குல காய்ச்சல் இறங்குற நேரம்தாம்மா கண்டம். மூணாம் நாள்லேர்ந்து ஏழாம் நாளுக்குள்ள வரும். ரத்தக் குழாய்லேர்ந்து தண்ணி கசிஞ்சு, ரத்தம் கெட்டியாகி, பிரஷர் இறங்கிடும். எல்லாரும் தட்டணு எத்தனைன்னுதான் கேக்குறாங்க. ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்குங்கிறதும் முக்கியம். விடியட்டும்னு இருந்திருந்தீங்கன்னா கஷ்டம்." இரண்டு ராத்திரி கண் விழித்தோம். வெளியே வெடிச் சத்தம். உள்ளே அவன் சிறுநீரை அளந்து எழுதிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை வீடு திரும்பினோம்.

அன்று நான் கற்றுக்கொண்டவை இவை:

* காய்ச்சல் விட்டபின் பிள்ளை எழுந்து விளையாடினால் நல்லது. சோர்ந்து கிடந்தால், ஓயாத வயிற்றுவலி, அடிக்கடி வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காதது - இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108 இருக்கிறது.

* மூன்று மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே காத்திருக்கக் கூடாது. வலிப்பு, மூச்சுத் திணறல், கழுத்து விறைப்பு, நினைவு தடுமாறுதல் எந்த வயதில் வந்தாலும் அப்படித்தான்.

* பாரசிட்டமால் அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது. டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள். சீக்கிரம் குறையட்டும் என்று அடுத்தடுத்துக் கொடுக்காதீர்கள். டெங்கு சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம், ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

* நிலவேம்பு, பப்பாளி இலைச் சாறு கொடுத்தாயிற்று என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

* காய்ச்சல் வந்த நாள், டிகிரி, மருந்து கொடுத்த நேரம், சிறுநீர் போன நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். "எத்தனாவது நாள்?" என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி.

இப்போதெல்லாம் தெருவில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் என் மாமியார் முதலில் சொல்வது இதுதான்: "காய்ச்சல் விட்டுடுச்சுன்னு இருந்துடாதீங்க. காலையும் தொட்டுப் பாருங்க."

- ஒரு வாசகி, திண்டுக்கல்.