குட்டிக்குப் போக மிச்சம்

“கறவைக்கு ஆடா?” என்று கேட்காதவர் எங்கள் ஊரில் இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் ஆடு என்றால் கறி, பால் என்றால் மாடு. கன்னி, கொடி, சேலம் கருப்பு என்று நம் மண்ணின் வெள்ளாடுகள் எல்லாமே கறிக்குப் பேர்போனவை. அவற்றின் பால் குட்டிகளுக்கே சரியாக இருக்கும். அதனால்தானோ என்னவோ, ஆடு கறக்கத் தெரிந்த கைகளும் ஊரில் குறைந்துவிட்டன.

எங்கள் கதை சின்னது. வீட்டில் மூன்று பேர். மாடு கட்ட இடமில்லை, தீவனத்துக்கு வழியில்லை. காலையில் அரை லிட்டர் பால் கிடைத்தால் போதும். பாலக்காட்டுப் பக்கம் போய்த் தலைச்சேரி ஆடு இரண்டு பிடித்து வந்தோம். ஒன்று இரண்டாம் ஈத்து, கூடவே இரண்டு வாரக் குட்டிகள் இரண்டு. இன்னொன்று தலைச்சினை. ஒற்றை ஆடு வாங்கவே கூடாது. துணையில்லாமல் கத்திக் கத்தி மெலிந்துவிடும்.

வாங்கும்போது பக்கத்துத் தோட்டத்து ஆத்தாவைக் கூட்டிப் போனதுதான் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம். வயது எழுபதுக்கு மேல், அத்தனை வருஷமும் ஆட்டோடு கழித்தவர். வாயைத் திறந்து பார்த்து, “ஆறு பல்லு, ரெண்டரை வயசு இருக்கும்” என்றார். மேல்தாடையில் ஆட்டுக்கு முன்பல்லே கிடையாது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பிறகு விற்பவரைக் கறக்கச் சொல்லி, கறந்த மடியைத் தடவிப் பார்த்தார். நல்ல மடி கறந்ததும் துவண்டு சுருங்குமாம். கல்லாக நின்றால் விட்டுவிட வேண்டுமாம்.

முதல் வாரம் கறந்ததெல்லாம் தரைக்குத்தான் போனது. காம்பைப் பிடித்து இழுத்தேன்; ஆடு உதைத்தது; சொம்பு உருண்டது.

“ஏங் கண்ணு இழுக்கற? அதென்ன மணிக்கயிறா?”

“இழுத்தாத்தானுங்க ஆத்தா வருது.”

“மேல அடைச்சுக்க. அப்பறம் ஒவ்வொரு வெரலா மூடு.”

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பின் மேற்புறத்தை வளையம்போல் அடைக்க வேண்டும், பால் மடிக்குத் திரும்பிப் போகாதபடி. பிறகு நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் என்று வரிசையாக மூட வேண்டும். இழுப்பே இல்லை. இது கைக்கு வந்த அன்று சத்தமே மாறியது. வெறும் சொம்பில் சர்ர் சர்ர் என்று விழுந்த பீய்ச்சல், நுரை கட்டியதும் மெத்து மெத்தென்று இறங்கியது. என் மகள் கண்ணை மூடிக்கொண்டே சொம்பு எவ்வளவு நிறைந்தது என்று சொல்லுவாள்.

மடியை வெதுவெதுப்பான நீரில் துடைத்துவிட்டு, முதல் இரண்டு பீய்ச்சலைக் கறுப்புத் துணியில் விடுகிறோம். திரித்திரியாக இருந்தால் மடிநோய். கறந்து முடிந்ததும் தழையைக் கட்டி நிற்க வைக்கிறோம். காம்புக் கண் மூடக் கொஞ்ச நேரமாகும். உடனே புழுக்கையில் படுத்தால் அந்த வழியாகத்தான் கிருமி ஏறும்.

எங்கள் பெரிய தப்பைச் சொல்ல வேண்டும். கறக்கப் பழகிய சந்தோஷத்தில் மூன்று வாரக் குட்டிகளை இரவில் பிரித்துக் கட்டிவிட்டு, விடிகாலையில் மடியை ஒட்டக் கறந்தோம். பெரிய குட்டி பகலில் முட்டி முட்டிக் குடித்துக்கொண்டது. சின்னது ஒதுங்கி நின்றது. நாங்கள் கவனிக்கவில்லை. ஆத்தாதான் அதைத் தூக்கி, விலா எலும்பை என் விரலால் எண்ண வைத்தார். திட்டவில்லை. அடுத்த ஒரு மாதம் நாங்கள் கறக்கவே இல்லை. சின்னதைத் தனியாக மடியில் விட்டு, வாரம் ஒருமுறை சாக்கில் வைத்துத் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தோம். அது தழை கடிக்க ஆரம்பித்த பிறகுதான் சொம்பைத் திரும்ப எடுத்தோம். ஒரு குட்டியைப் பட்டினி போட்டுக் குடித்த அந்தக் காப்பியை நினைத்தால் இன்றும் கூசுகிறது. புதிதாக ஆடு வாங்குகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: முதலில் தராசு வாங்குங்கள், சொம்பு பிறகு.

அகத்தி, சவுண்டல், கிளுவை என எந்தத் தழையானாலும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால்தான் ஆடு தின்னும். மிதிபட்டதை முகர்ந்துகூடப் பார்க்காது. விசேஷ வீட்டு மிச்சச் சோறு மட்டும் வேண்டாம். வயிறு அமிலமாகி ஒரே நாளில் செத்துப்போகும். மழைக்கு முன் துள்ளுமாரித் தடுப்பூசி, கூடவே ஆட்டுக்கொல்லி நோய்க்கும் ஊசி. கிடாயைப் பக்கத்தில் கட்டினால் பாலில் வாடை ஏறும்.

ஆட்டுப்பாலைப் பச்சையாகக் குடித்தால்தான் மருந்து என்று என் மாமியார் பிடிவாதம் பிடித்தார். மால்டா தீவில் ஒருகாலத்தில் ஆட்டை வாசலுக்கே ஓட்டிவந்து கறந்து கொடுத்தார்கள். அங்கே வாட்டிய காய்ச்சலின் கிருமியை 1887-ல் டேவிட் புரூஸ் கண்டுபிடித்தார். அது ஆட்டிடமிருந்து பால் வழியாக வருவதை 1905-ல் தெமிஸ்டாக்ளிஸ் சமிட் கண்டறிந்தார். கிருமி இருந்தாலும் ஆடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இதைச் சொன்னதும் மாமியாரே அடுப்பைப் பற்றவைத்தார். இப்போது பொங்க விடாமல் எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை.

மூத்த ஆடு மறுபடி சினை. சினைக்காலம் மொத்தம் ஐந்து மாதம். கடைசி இரண்டு மாதம் கறக்கக் கூடாது என்பதால் பாலை வற்ற விட்டிருக்கிறோம். ஆனாலும் விடிகாலை ஐந்தரைக்குக் கறவைப் பலகையில் தானாக ஏறி நிற்கிறது. மகள் ஒரு கொத்து அகத்தியை நீட்டி, அது தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு வருகிறாள்.