அவசரமும் புட்டியும்

1978-ஆம் ஆண்டு அக்டோபரில் அதிபர் கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டத்தால், அமெரிக்க இல்லங்களில் வரியின்றிப் பீர் காய்ச்ச வழி பிறந்தது. புதிதாகத் தொடங்குவோர் மால்ட் சாற்றை நீரில் கரைத்து, ஹாப்ஸ் பூக்களுடன் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, விரைவாக ஆறவிட்டு, ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸில் ஈஸ்ட் சேர்க்கின்றனர். ஹாப்ஸ் பானத்தைக் கெடாது காக்கும் என 12-ஆம் நூற்றாண்டிலேயே புனித ஹில்டெகார்ட் எழுதினார். ஆயினும், கலம் தூய்மையற்றதாயின் வேண்டாத நுண்ணுயிர்கள் புகுந்து யாவற்றையும் கெடுத்துவிடும்; இதனை 1876-இல் லூயி பாஸ்டர் விளக்கினார். நொதித்தல் முடியுமுன் புட்டியில் அடைத்தாலோ, வாயு பெருகிப் புட்டியே வெடிக்கும், அருகிலிருப்போர் காயமுறுவர்.

தமிழகத்தில் உரிமமின்றி மது காய்ச்சுதல் குற்றம். எனவே, நாம் அவர்களிடம் பெறத்தக்கவை தூய்மையும் பொறுமையுமே. நம் இல்லங்களிலும் அவசரம் எத்தனையோ நல்லவற்றைச் சிதறடிப்பதைக் காண்கிறோம் அன்றோ?